பெருவும் வான்கோழியும்: ஒரு பறவைப் பெயரின் பயணம்

(கம்போங் மேடான் வட்டாரத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பறவையின் பெயரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுது வேண்டுமா என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டும் என்றே நாம் விடையிறுத்தோம். காரணம், அப்பெயரின்பொருட்டு நாம் ஒரு மாணவிக்குக் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனை அவையறியத் தீர்ப்பதே முறை.

பல ஆண்டுகளுக்கு முன்னர், இதே கம்போங் மேடானில், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பொன்றில் மூதுரை நடத்திக்கொண்டிருந்தோம். மயில் ஆடுவதைக் கண்ட வான்கோழி, தன்னையும் மயிலாகவே எண்ணித் தன் சிறகை விரித்து ஆடியதாக ஔவையார் பாடும் 14-ஆம் செய்யுள் அன்றைய பாடம். கல்லாதவன் கவி சொல்வதும் அத்தகையதே என்பது அதன் கருத்து. பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்து முடித்ததும், பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, வான்கோழி என்றால் ஆயாம் பெலாண்டாதானே? அது அமெரிக்காவிலிருந்து வந்தது என்று அறிவியல் பாடத்தில் ஆசிரியர் சொன்னார். ஔவையார் அதை எங்கே பார்த்தார்?” என்று கேட்டாள்.

நாம் சற்றும் தயங்கவில்லை. “கொலம்பசுக்கு முன்பே நம் முன்னோர் அமெரிக்காவோடு வாணிகம் செய்திருக்க வேண்டும், அதற்கு இச்செய்யுளே சான்று” என்று சொல்லிவிட்டோம். வகுப்பு கைதட்டியது. அப்பிள்ளை அதனை நம்பினாள். நம்பியதோடு நில்லாமல் ஒரு கட்டுரைப் போட்டிக்கும் எழுதி அனுப்பினாள். திரும்பி வந்த தாளில் அந்தப் பத்திக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, அருகே “ஆதாரம்?” என்ற ஒற்றைச் சொல். அத்தாளை எடுத்துக்கொண்டு அவள் நம்மிடம் வந்தாள். நம்மிடம் ஆதாரம் இல்லை. அன்று அவள் முகம் மாறியதை இன்றளவும் நாம் மறக்கவில்லை. இவ்வுரை அன்று தொடங்கிய தேடலின் பயன்.

தேடலை நாம் தொடங்கிய இடம் தமிழன்று, போர்த்துகீசிய மொழி. அம்மொழியில் இப்பறவைக்குப் பெயர் ‘பெரு’. தென்னமெரிக்காவில் பெரு என்றொரு நாடு இருப்பதை நாம் அறிவோம். பறவையின் பெயர் அந்நாட்டின் பெயரே. ‘பெரு நாட்டுச் சேவல்’ என்று முதலில் வழங்கியது, நாளடைவில் சேவலை உதிர்த்துவிட்டுப் ‘பெரு’ என்று மட்டும் நின்றது. நாம் ‘பட்டுச் சேலை’யைப் ‘பட்டு’ என்று சுருக்குவதில்லையா, அது போல.

இங்கே ஒரு வழுக்கு நிலம் உண்டு. ‘பெரு’ என்பது தமிழில் பெரியது என்னும் பொருளுடைய அடைமொழி, பெருங்கோழி என்னலாம். ‘வான்’ என்பதற்கும் விண், மழை என்பவற்றோடு பெருமை என்ற பொருளும் உண்டு. எனவே வான்கோழி என்பதும் பெருங்கோழி, போர்த்துகீசியப் ‘பெரு’வும் தமிழ்ப் ‘பெரு’வே, நம்மிடமிருந்தே அவர்கள் கடன்கொண்டனர்! இப்படி ஒரு வாய்பாடு கட்டினால் கேட்பதற்கு எத்துணை இனிமையாக இருக்கிறது. நாமும் ஒரு வாரம் அவ்வினிமையில் திளைத்தோம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் ஒலி ஒத்திருப்பதொன்றே உறவாகிவிடாது. சொல் எந்த வழியில், எந்தக் காலத்தில், யார் வாயிலாக வந்தது என்று காட்டவேண்டும். பறவையின் வரலாறும் நாட்டுப் பெயரின் வரலாறும் அந்த வழியைத் தெளிவாகக் காட்டும்போது, தற்செயலான ஒலி ஒப்புமைக்கு அங்கே வேலையில்லை.

அவ்வரலாறு இதுதான். இப்பறவையைப் பழக்கி வளர்த்தவர்கள் மெக்சிக்கோ நிலத்து மக்கள். அவர்களுடைய நகுவாட்டில் மொழியில் சேவலுக்கு ‘உவேசொலொட்டில்’ என்று பெயர். மெக்சிக்கோவில் இன்றும் வழங்கும் ‘குவாகொலோத்தே’ என்னும் சொல் அதன் வழித்தோன்றலே. 1519-இல் எர்னான் கொர்த்தேசின் படை மெக்சிக்கோவில் இறங்கியது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் பறவை கடல் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. பெரு நாடு அதற்குப் பின்னரே இசுபானியர் கைக்கு வந்தது. பிசாரோ இன்கா அரசனைச் சிறைப்பிடித்தது 1532-இல். பனாமாவை அடுத்த பகுதியில் ஆண்ட ‘பிரு’ என்னும் தலைவன் ஒருவனின் பெயரே திரிந்து அந்நாட்டுப் பெயர் ஆயிற்று என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.

அங்ஙனமாயின் மெக்சிக்கோப் பறவைக்குப் பெரு எவ்வாறு பெயராயிற்று? பொன்னும் வெள்ளியும் பெருவிலிருந்து வருவதாக ஐரோப்பா எங்கும் பேச்சாக இருந்த காலம் அது. இசுபானியரின் அமெரிக்க நிலம் முழுவதையுமே போர்த்துகீசிய மக்கள் ‘பெரு’ என்று சொல்லப் பழகினர். பறவை வந்தது அத்திசையிலிருந்து. ஆகவே அது பெரு. இடம் தவறு, திசை சரி. இத்தவறு நமக்குப் பெரிதும் பயன்படுவது. பெரு என்னும் நாட்டுப் பெயரே ஐரோப்பியர் வாயில் 16-ஆம் நூற்றாண்டில்தான் நுழைந்தது. ஆகவே ‘பெரு’ என்னும் பறவைப் பெயரும் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. சொல் தன் பிறந்த நாளைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு நிற்கிறது.

மற்ற மொழிகளைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ‘இந்தியக் கோழி’ என்று அழைத்தனர். அதுவே ‘தேந்து’ என்று சுருங்கிற்று. துருக்கியர் அதனை ‘இந்தி’ என்கின்றனர். அதன் பொருளும் இந்தியாவைச் சேர்ந்தது என்பதே. ஆங்கிலேயரோ துருக்கி நாட்டின் பெயரைச் சூட்டி ‘டர்க்கி’ என்றனர். அரபு மக்களுள் ஒரு சாரார் ‘உரோமச் சேவல்’ என்பர். கம்போடியாவின் கெமர் மொழியில் அது ‘பிரெஞ்சுக் கோழி’. ஒருவரும் தம் ஊர்ப் பறவை என்று சொந்தம் கொண்டாடவில்லை. எல்லாரும் அடுத்தவன் ஊரைக் கைகாட்டுகின்றனர்.

ஒல்லாந்தர் கைகாட்டிய ஊர் நமக்கு மிகவும் அண்மையது. அவர்கள் மொழியில் இப்பறவை ‘கல்கூன்’. ‘கள்ளிக்கோட்டைக் கோழி’ என்பதன் சுருக்கம். 1498-இல் வாசுகோடகாமா வந்து சேர்ந்த அதே கோழிக்கோடுதான். கோழி கூவும் ஒலி எட்டும் அளவான நிலம் என்பதால் கோழிக்கோடு எனப் பெயர் வந்ததாக அவ்வூரில் ஒரு செவிவழிக் கதை உண்டு. பெயரிலேயே கோழியைச் சுமக்கும் ஊரின் பெயரைக் கொண்டுபோய், அவ்வூரைக் கண்டறியாத ஒரு கோழிக்குச் சூட்டினர் என்பதை எண்ணினால் நகைப்பு வருகிறது. ஒல்லாந்தர் இலங்கையை ஆண்டபோது அச்சொல் அங்கே இறங்கியது. சிங்களத்தில் ‘களுக்கும்’ என்று இன்றும் வழங்குகிறது. இந்தோனேசியாவில் ‘கல்கூன்’ என்றே நிலைத்தது. கள்ளிக்கோட்டையின் பெயர் ஐரோப்பாவுக்குப் போய், பறவையின் பெயராக உருமாறி, மீண்டும் இந்துமாக்கடலுக்கே திரும்பிவந்திருக்கிறது.

நம் மலேசியாவில் ‘ஆயாம் பெலாண்டா’. நேர்ப்பொருள் ‘ஒல்லாந்துக் கோழி’. மலாய் மொழியில் ‘பெலாண்டா’ என்னும் அடைமொழி ஒல்லாந்தரை மட்டும் குறிப்பதில்லை. கடல் கடந்து வந்த புதுப்பொருள் எதற்கும் அது சேரும். முள்சீத்தாப்பழத்தை ‘டுரியான் பெலாண்டா’ என்கிறோம். அதுவும் அமெரிக்காவில் தோன்றிய மரமே. நம் மொழியில் ‘சீமை’ செய்யும் வேலையை அங்கே ‘பெலாண்டா’ செய்கிறது: சீமைக் கருவேலம், சீமை எண்ணெய், சீமைப் பசு. அதே வேலையைப் ‘பறங்கி’யும் செய்தது, பறங்கிக்காயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘பெலாண்டா’ என்னும் சொல், போர்த்துகீசியர் ஒல்லாந்து நாட்டை அழைத்த ‘ஒலாந்தா’ என்பதன் திரிபு என்பர். ஒல்லாந்தர் 1641-இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்துக்கொண்டனர். ஆனால் அவர்களுடைய பெயரே மலாய் மொழிக்குப் போர்த்துகீசியர் வாய்வழிதான் வந்திருக்கிறது.

பழைய சொல்லும் அடியோடு போய்விடவில்லை. மலாய் அகராதியைப் புரட்டினால் ‘ஆயாம் பீரு’ என்றொரு பெயரும் தென்படும். அந்தப் ‘பீரு’ போர்த்துகீசியப் ‘பெரு’வே. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்கள் விட்டுச்சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. இந்தியிலும் ‘பேரூ’ என்றால் இப்பறவையே. மராத்தியருக்கோ ‘பேரூ’ என்பது கொய்யாப்பழம்! அதுவும் அமெரிக்கப் பழம். அதுவும் போர்த்துகீசியர் கொணர்ந்தது. ஒரே சொல், ஓரிடத்தில் பறந்தது, ஓரிடத்தில் காய்த்தது.

தமிழுக்கு வருவோம். போர்த்துகீசியரிடமிருந்து தமிழ் பெற்ற சொற்கள் சிலவல்ல. சன்னல், அலமாரி, மேசை, சாவி, பீப்பாய், பாதிரி எல்லாம் அவ்வழி வந்தவை. மலாய் மொழியின் ‘ஜெண்டேலா’வும் நம் ‘சன்னலு’ம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இத்தனையைப் பெற்ற தமிழ், ‘பெரு’வை மட்டும் ஏற்கவில்லை, வான்கோழி என்றே வழங்கியது. ஏன்? அப்பெயர் அதற்கு முன்பே தமிழில் இருந்ததா? அல்லது புதுப்பறவையைக் கண்டு தமிழர் புதிதாக ஆக்கியதா? மாணவி கேட்ட கேள்வி இங்கேதான் மீண்டும் எழுகிறது. மூதுரை பாடிய ஔவையாரை 12-ஆம் நூற்றாண்டினர் என்று பலரும் கொள்வர். பறவையோ 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்திய மண்ணை மிதித்திருக்க இயலாது.

மிதித்ததற்குரிய புகழ்பெற்ற சான்று ஒன்று நம்மிடம் உள்ளது. 1612-ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசர் சகாங்கீரின் அலுவலர் முகர்ரப் கான், கோவாவிலிருந்து அரிய பொருள்கள் பலவற்றை வாங்கிவந்து அரசவையில் வைத்தார். அவற்றுள் இப்பறவையும் ஒன்று. அரசர் இயற்கைப் பொருள்களை உற்றுநோக்கும் இயல்பினர். பறவையின் தலையும் கழுத்தும் ஒரு சமயம் பவளம் போலச் சிவந்தும், ஒரு சமயம் பஞ்சு போல வெளுத்தும், பிறிதொரு சமயம் நீலப்பச்சையாகவும் மாறுவதைத் தம் நினைவுக்குறிப்பில் வியந்து எழுதினார். ஓவியர் மன்சூர் அதனை வரைந்தார். அவ்வோவியம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. சகாங்கீர் எழுதிய மற்றொரு செய்தியே நம் பொருளுக்கு உயிரானது. அப்பறவை மயிலைப் போல இறகுகளை விரித்து ஆடுகிறது என்கிறார். ஔவையாரின் செய்யுளை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எனினும், கண்டவுடன் அவருக்கு நினைவு வந்தது மயிலே.

அவருக்கு மட்டுமன்று. இசுபானியர் இப்பறவைக்கு இட்ட பெயர் ‘பாவோ’. அது இலத்தீனில் மயிலுக்கு உரிய பெயர். புதிய பறவை மயிலின் பெயரைப் பறித்துக்கொண்டதால், உண்மையான மயிலுக்கு ‘அரச மயில்’ என்று அடைமொழி சேர்க்கவேண்டிய நிலை இசுபானிய மொழியில் ஏற்பட்டது! வான்கோழி தன்னை மயிலாகப் பாவித்ததாக நம் செய்யுள் சொல்கிறது. இசுபானிய அகராதியில் அது பாவிப்போடு நிற்கவில்லை, அரியணையிலேயே ஏறிவிட்டது. 1758-இல் லின்னேயசு சூட்டிய அறிவியற்பெயரும் இக்கதையைத் தாங்கியிருக்கிறது. ‘மெலியாகிரிசு காலோபாவோ’ என்பதில் பின்மொழிக்குச் ‘சேவல்மயில்’ என்று பொருள். முன்மொழியோ கிரேக்கத்தில் கினிக்கோழிக்கு உரிய பெயர். ஆங்கிலத்திலும் ‘டர்க்கி’ என்னும் பெயர் முதலில் கினிக்கோழிக்கே வழங்கி, பிறகே இப்பறவைக்கு மாறிற்று.

ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும் என்று வேண்டுகிறோம். மெலியாகிரிசு முன்பு வேறு பறவை. பாவோ முன்பு வேறு பறவை. டர்க்கியும் முன்பு வேறு பறவை. புதியதொரு பறவை வந்து இறங்கும்போது, மக்கள் புதுப்பெயர் தேடி அலைவதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் பழம்பெயர் ஒன்றை எடுத்துப் போர்த்திவிடுகின்றனர். மூன்று மொழிகளில் கண்கூடாக நிகழ்ந்த ஒன்று தமிழில் மட்டும் நிகழ்ந்திருக்கலாகாது என்பதற்கு நியாயம் உண்டா?

ஆகவே நம்முன் இரண்டு வழிகள் உள்ளன. மூதுரைச் செய்யுள் பழமையானது என்றால், அதில் வரும் வான்கோழி வேறொரு பறவை. அதன் பெயரைப் பின்னர் வந்த அமெரிக்கப் பறவை ஏற்றுக்கொண்டது. அல்லது, அதில் வருவது அமெரிக்கப் பறவையே என்றால், அச்செய்யுளோ அந்நூலோ 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டது. மூன்றாவதாக நாம் அன்று வகுப்பில் திறந்த வழி, தமிழர் அமெரிக்காவோடு வாணிகம் செய்த வழி, ஒரு முட்டுச் சந்து. பாட்டில் வரும் ஒரு பறவைப் பெயர் ஒரு கடற்பயணத்தின் பாரத்தைத் தாங்காது. கோழியின் எலும்பு வேண்டும், கலத்தின் மரம் வேண்டும், கல்வெட்டு வேண்டும்.

நாம் முதல் வழியின் பக்கமே சாய்கிறோம். அவ்வேறு பறவை யாதாக இருக்கலாம்? வறண்ட புல்வெளிகளில் வாழும் ஒரு பெரும்பறவை முன்பு தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் இருந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நிற்கும். சேவல், பெடையை ஈர்ப்பதற்காகக் கழுத்துப் பையை ஊதி, வாலை முதுகின்மேல் உயர்த்தி ஆடும். இன்று இராசசுத்தானத்தை ஒட்டி இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. கோழி போன்ற உடல், பெரிய உருவம், ஆட்டம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றன. வேடிக்கை என்னவென்றால், இக்காலப் பறவை நூல்கள் அதற்கு இட்ட பெயர் ‘கானமயில்’. மூதுரையில் கானத்து மயில் ஆடுகிறது, வான்கோழி பார்த்திருக்கிறது. நாம் கருதுவது சரியானால், அன்று பார்த்திருந்த பறவைக்கு இன்று ஆடிய பறவையின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர்கள் இடம் மாறும் என்பதற்கு இதனினும் வேறு சான்று தேடவேண்டியதில்லை.

இஃது ஒரு கருத்தே. முடிந்த முடிபு என்று எந்த ஆசிரியரும் இதனை வகுப்பில் எழுதிப்போட வேண்டா. அந்தத் தவற்றை ஒருமுறை செய்தது போதும். இரண்டாம் வழியை ஏற்போருக்கும் வலுவுண்டு. சகாங்கீர் கண்டதும் செய்யுள் காட்டுவதும் அத்துணை நெருக்கமாக ஒத்திருக்கின்றன. நீதிநூல்களில் செய்யுள்கள் பிற்காலத்தே சேர்வதும் புதுமையன்று. ஔவையார் என்னும் பெயரில் பலர் பல காலங்களில் பாடியிருப்பதை நாம் அனைவரும் ஏற்கிறோம். ஒரு செய்யுள் சில நூற்றாண்டுகள் இளையது என்று தெரியவந்தால் ஔவையாரின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். கல்லாமல் கற்றவன் போல நடிப்பதைக் கடிந்த செய்யுளைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் காலத்தை அறியாமலே அறிந்தது போலப் பேசுவது எவ்வளவு பொருந்தும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவ்வகுப்பறையில் அன்று சிறகை விரித்தவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளின் விலங்கின் பெயர்த் தொகுதிகளைப் பாருங்கள். வான்கோழி எங்கே வருகிறது, எப்பொருளில் வருகிறது என்று குறியுங்கள். அடுத்து, 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றினும் நமக்கு நெருங்கிய நூல் ஒன்று உண்டு. அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி. அவர் மறைந்த பின்னர் 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சாயிற்று. தமிழ்ச்சொல்லை ஒரு பக்கமும் போர்த்துகீசியப் பொருளை ஒரு பக்கமும் நிறுத்திய அந்நூலின் படி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதனை உலகறியச் செய்தவர் தவத்திரு தனிநாயக அடிகளார். 1966-ஆம் ஆண்டில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய அதே ஆண்டில், அவ்வகராதியின் மறுபதிப்பை வெளியிட்டது நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை. லிசுபனிலும் சென்னையிலும் இருப்போர் தேடி அலையும் ஒரு நூல், கம்போங் மேடானிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தொலைவில் மறுபிறப்பு எடுத்திருக்கிறது.

அந்நூலில் ‘வான்கோழி’ என்னும் தலைச்சொல் உண்டா, உண்டென்றால் அதற்கு எதிரே ‘பெரு’ என்று எழுதியிருக்கிறதா, அன்றி வேறு ஏதேனும் பறவையின் பெயர் நிற்கிறதா என்பதை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. நீங்களே போய்ப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். கண்டதை நாள், பக்க எண்ணோடு எழுதி, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். நம் மாணவியின் தாளையும் நாம் எடுத்துவருகிறோம். சிவப்புக் கோட்டுக்கு அருகே இன்னும் இடம் இருக்கிறது.